ஐப்பசியில் எதிர்க்கும் தண்ணீர்: வீட்டுக் குழாய் வேலை, வாசகர் கேள்வி பதில்

வைகாசியில் கடைக்கால் போட்டுத் தையில் குடிபோக நினைக்கும் வீடுகளில், குழாய் வேலை பெரும்பாலும் அடைமழைக்கு நடுவே வந்து மாட்டிக்கொள்கிறது. டெல்டா மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: வயலாக இருந்த மனையில் வீடு கட்டுகிறோம். வீட்டில் ஆறு பேர். பேஸ்மட்டம் 3 அடி. கொல்லையில் பத்து உறை இறக்கி அதையே செப்டிக் டேங்காக வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி. பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் அவர்கள் கழிவறையில் தண்ணீர் எதிர்த்து வருகிறது. நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உறை இறக்கினால் அது கிணறுதான். அடைமழையில் நிலத்தடி நீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறதோ அந்த மட்டத்துக்கு உறைக்குள்ளும் ஏறும். டெல்டாவின் களிமண்ணில் அந்த மட்டம் பல இடங்களில் தரையைத் தொட்டுவிடும். உறை நிரம்பி நிற்கும்போது கழிவறையில் ஊற்றும் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. கோடையில் இன்னொரு கேடு நடக்கும். உறையின் அடி திறந்திருப்பதால் கழிவு நேரே மண்ணுக்குள் இறங்கி, உங்கள் அடிபம்புக்கோ பக்கத்து வீட்டு போருக்கோ போய்ச் சேரும். உறையைக் கைவிடுங்கள். அடியும் சுவரும் நீர் கசியாத தொட்டியே கட்டுங்கள்.

ஆறு பேருக்கு உள்ளளவு நீளம் ஆறரை அடி, அகலம் 3 அடி, தண்ணீர் நிற்கும் ஆழம் 4 அடி போதும். ஏறக்குறைய 2,200 லிட்டர் கொள்ளும். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் அறையாகவும் மீதி இரண்டாவது அறையாகவும் இருக்கட்டும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஓர் அடி காலியிடம் விடுங்கள். உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் ‘டீ’ (T வடிவ இணைப்பு) மாட்டி, அதன் கால் தண்ணீருக்குள் ஓர் அடி இறங்கி நிற்க வேண்டும். இல்லையென்றால் மேலே மிதக்கும் ஏடு குழாயை அடைக்கும், அல்லது வெளியே போய்விடும். வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிட 2 இஞ்ச் தாழ்வாக இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது மட்டக் கணக்கு. பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் போட்டுப் பார்ப்பதே இல்லை. பிற்பாடு வரும் துன்பமெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. உங்கள் வீட்டுக்கே போட்டுப் பார்ப்போம். வீட்டுத் தரை, மனை மட்டத்துக்கு மேல் 3 அடி. கழிவறைக் கோப்பையின் வளைவு முடிந்து 4 இஞ்ச் குழாய் புறப்படும் இடம் தரைக்குக் கீழே ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தொட்டி 20 அடி தூரம். 10 அடிக்கு 3 இஞ்ச் வாட்டம் கொடுத்தால் மொத்தம் 6 இஞ்ச் இறக்கம். ஆகவே தொட்டிக்குள் குழாய் நுழைவது மனை மட்டத்துக்கு மேலே ஒன்றரை அடியில். வெளியேறும் குழாய் 1 அடி 4 இஞ்சில். தொட்டியின் அடி மண்ணுக்குள் 2 அடி 8 இஞ்ச், மேல் மூடி மண்ணுக்கு மேலே 2 அடி 4 இஞ்ச். தொட்டி கொல்லையில் திண்ணைபோலத் துருத்திக்கொண்டுதான் நிற்கும். நிற்கட்டும். அழகுக்காக அதைப் போர்டிகோவுக்கு அடியில் புதைக்கும்போதுதான் தண்ணீர் எதிர்க்கிறது.

மனை மட்டம் என்று இன்றைக்குக் கண்ணில் படுவதை எடுக்காதீர்கள். போன பெருமழையில் பக்கத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சாலை போடப் போட உயர்ந்துகொண்டே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஸ்மட்டத்தை இன்னும் ஓர் அடி ஏற்ற முடிந்தால் ஏற்றிவிடுங்கள். மேலே சொன்ன அளவெல்லாம் தானாக ஓர் அடி ஏறிவிடும்.

தொட்டியிலிருந்து வரும் நீருக்கும் வழி வேண்டும். களிமண்ணில், அதுவும் நீர்மட்டம் ஏறும் இடத்தில், உறிஞ்சு குழி வேலை செய்யாது. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470 இத்தகைய நிலத்துக்கு மேல்நோக்கிப் பாயும் வடிகட்டியைச் சொல்கிறது. தொட்டியை ஒட்டி 3 அடிக்கு 3 அடியில் ஓர் அறை கட்டி, அடியில் ஓட்டை போட்ட கான்கிரீட் பலகை வைத்து, அதன்மேல் முக்கால் இஞ்ச் ஜல்லியை 3 அடி உயரத்துக்கு நிரப்புங்கள். தொட்டி நீர் குழாய் வழியாகப் பலகைக்கு அடியில் இறங்கி, ஜல்லி வழியே மேலேறி, தொட்டியின் வெளிவாயைவிட 4 இஞ்ச் தாழ்வில் வெளியேறும். அதை மேடாகப் போட்ட மணல் பாத்தியில் ஓட்டைக் குழாய் வைத்துப் பரவவிட்டு, மேலே கல்வாழை நடலாம். குடிநீர்க் கிணறு, போர், அடிபம்பு எதற்கும் 60 அடி விலகியிருக்க வேண்டும். வாய்க்காலில் விடவே கூடாது. அதே தண்ணீர்தான் கீழே ஒருவர் வயலுக்கும் குளத்துக்கும் போகிறது.

குளியல் நீரையும் சமையலறை நீரையும் இந்தத் தொட்டிக்குள் விடாமல் கல்லி டிராப் (நாற்றத்தைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் வாய்) வழியாகத் தனியாகத் தென்னைக்கும் வாழைக்கும் கொண்டுபோனால் தொட்டியின் சுமை வெகுவாகக் குறையும். மொட்டைமாடி மழைநீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

உங்கள் மனை வயலைத் தூர்த்த மனை என்பதால் இன்னொரு எச்சரிக்கை. தூண் போட்டு நிற்கும் வீடு இறங்காது. சுற்றிக் கொட்டிய மண் ஓரிரு மழையில் இறங்கும். அப்போது சுவரைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் குழாய் முறியும். பிளிந்த் பீம் (கடைக்காலுக்கு மேல் ஓடும் கான்கிரீட் உத்தரம்) போடும்போதே 6 இஞ்ச் குழாய்த் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்துவிட்டு, 4 இஞ்ச் குழாயை அதற்குள் நுழைத்து வெளியே எடுங்கள். சுவரை ஒட்டிய முதல் இணைப்பை சொல்யூஷன் போட்டு ஒட்டாமல் ரப்பர் வளையம் உள்ள இணைப்பாக வையுங்கள். அது சற்று அசைந்து கொடுக்கும். மண்ணுக்குள் குழாய் 4 இஞ்ச் மணல் படுக்கையில் கிடக்கட்டும். செங்கல் துண்டை முட்டுக் கொடுத்தால் அந்த இடத்தில்தான் விரியும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற நகரங்களில் பாதாளச் சாக்கடை போகும் தெருவில் மனை இருப்பவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. முறையாக இணைப்பு வாங்கிவிடலாம்.

கேள்வி: பிளாஸ்டிக் செப்டிக் டேங்க் 2,000 லிட்டர் வாங்கிப் புதைத்தோம். கார்த்திகையில் லாரி வைத்துக் கழிவை எடுத்த மறுநாள் டேங்க் ஓர் அடி மேலே எழும்பி, குழாயெல்லாம் உடைந்துவிட்டது. டேங்க் தரமில்லையா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: டேங்கின் மேல் குறை இல்லை. மண்ணுக்குள் நீர் நிற்கும்போது காலித் தொட்டி தோணிதான். 2,000 லிட்டர் தொட்டி முழுதும் நீருக்குள் இருந்தால் அதைத் தண்ணீர் ஏறக்குறைய 2 டன் விசையோடு மேலே தள்ளும். பிளாஸ்டிக் தொட்டியின் எடை அதற்கு ஈடாகாது. திரும்பப் பதிக்கும்போது அடியில் 6 இஞ்ச் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், தொட்டியைவிடச் சுற்றிலும் ஓர் அடி அகலமாகப் போட்டு, தொட்டியை நைலான் பட்டையால் தளத்தில் உள்ள கொக்கிகளோடு கட்டுங்கள். அகலத் தளத்தின்மேல் விழும் மண்ணின் எடையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். பக்கங்களை நிரப்பும்போதே உள்ளேயும் அதே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வாருங்கள். கழிவு எடுப்பதைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பிவிடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் சம்ப்புக்கும் இதே விதிதான். மழைக்காலத்தில் அதைக் காலியாக வைக்காதீர்கள்.

எந்தக் காரணத்துக்கும் ஆளைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் வாயு சில நொடிகளில் உயிரைப் பறிக்கும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடை செய்திருக்கிறது.

கேள்வி: மாடி பாத்ரூமில் பெரிய மழை ஷவர் வைத்தோம். தண்ணீர் நூல்போல விழுகிறது. குழாயை ஒண்ணேகால் இஞ்சாக மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் பிளம்பர். டேங்க் மொட்டைமாடியில் 3 அடி மேடையில் இருக்கிறது.
– வாசகர், திருவாரூர்

பதில்: அழுத்தம் உயரத்தால் வருவது. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). மாடித் தரையிலிருந்து மொட்டைமாடி 10 அடி, மேடை 3 அடி, ஷவர் தரையிலிருந்து 6 அடி 8 இஞ்ச் என்றால், டேங்கின் அடிக்கும் ஷவருக்கும் இடையே 6 அடி 4 இஞ்ச்தான் உயரம், அதாவது 2 மீட்டருக்கும் குறைவு. 0.2 பாரைக்கூடத் தொடாது. பெரிய மழை ஷவர்களுக்குக் குறைந்தது அரை பாராவது தேவைப்படும். குழாயைப் பெரிதாக்கினால் வழியில் உரசி இழப்பது குறையுமே தவிர, இல்லாத அழுத்தம் வராது. டேங்கை மாடிப்படி அறையின் மேல் ஏற்றினால் இன்னும் 5 அடி கிடைக்கும். 1,000 லிட்டர் டேங்க் நிரம்பினால் ஒரு டன்னுக்கு மேல் எடை என்பதால், சுவர் அல்லது பீம் மேல் வரும்படி இன்ஜினியரைக் கேட்டு வையுங்கள். அதுவும் ஷவருக்குப் போதாது. மாடி பாத்ரூம் லைனுக்கு மட்டும் சிறிய பிரஷர் பம்ப் வைப்பதே தீர்வு.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். டேங்கிலிருந்து வரும் குழாய் எங்காவது மேலேறி இறங்குகிறதா? பாராப்பெட் சுவரையோ இன்னொரு குழாயையோ தாண்டுவதற்காகப் பாலம்போல வளைத்திருந்தால் அந்த முதுகில் காற்று அடைத்துக்கொள்ளும். இருக்கிற கொஞ்ச அழுத்தத்தையும் அது தின்றுவிடும். டேங்க் வால்வை அடுத்து ஒரு ‘டீ’ போட்டு, டேங்கின் மூடிக்கு மேல்வரை நிற்கும் காற்றுக் குழாய் வையுங்கள். அதன் நுனியைக் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள்.

கேள்வி: டேங்க், குழாய் எல்லாம் ஒட்டி முடித்தாயிற்று. பிரஷர் டெஸ்ட் தேவையில்லை, தண்ணீர் விட்டுப் பார்த்தால் போதும் என்கிறார்கள். நாளை பூச்சு ஆரம்பம். என்ன செய்யலாம்?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: பூச்சை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். டேங்க் தண்ணீர் தரும் அழுத்தம் அரை பார், ஒரு பார்தான். சரியாக ஒட்டாத இணைப்பும் அதற்குத் தாங்கி நிற்கும். பம்ப் வைத்த பிறகோ, கீசர் வெந்நீர் ஓடத் தொடங்கிய பிறகோ கசியும். அப்போது டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.

கடைசி இணைப்பு ஒட்டி 24 மணி நேரம் ஆகட்டும். எல்லா வாய்களிலும் எண்ட் பிளக் போடுங்கள். கீசரின் சூடு, குளிர் வாய்கள் இரண்டையும் ஒரு ஓஸால் இணைத்துவிட்டால் இரண்டு லைனும் சேர்ந்து சோதனைக்கு வந்துவிடும். கீழ்வாயில் அழுத்த மீட்டர் உள்ள கைப்பம்பை மாட்டி மெதுவாகத் தண்ணீர் ஏற்றுங்கள். மேல்வாய் பிளக்கைத் தளர்த்திக் காற்று முழுதும் வெளியேறிய பிறகு இறுக்குங்கள். உள்ளே காற்று இருந்தால் முள் காட்டுவது பொய். பிறகு 7 கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு 7 கிலோ, ஏறக்குறைய 7 பார்) ஏற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் ஒவ்வோர் இணைப்பாகத் தடவிப் பாருங்கள். காற்று கம்பரசரை வைத்துச் சோதிக்கவே கூடாது. பிளாஸ்டிக் குழாய் வெடித்தால் சில்லுகள் கத்திபோலப் பாயும்.

சோதனை முடிந்ததும் மீட்டரைக் கழற்றிவிடாமல், 2 கிலோ அழுத்தத்தில் அப்படியே விட்டுப் பூச்சும் டைல்ஸும் முடிக்கச் சொல்லுங்கள். யாராவது ஆணி அடித்துவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். குழாய்க்காகச் சுவரில் வெட்டிய காடியை மூடும் முன் சுவரில் அளவு நாடாவைப் பிடித்து எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துக் கண்ணாடி மாட்ட ஓட்டை போடும்போது அந்தப் போட்டோ கைகொடுக்கும்.

கழிவுக் குழாய்க்கும் சோதனை உண்டு. கீழ்வாயை அடைத்து, தரை மட்டம்வரை தண்ணீர் நிரப்பி நான்கு மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கக் கூடாது.

மழை நாளில் ஒட்டிய இணைப்புகளைக் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். ஈரக் குழாயில் சொல்யூஷன் பிடிக்காது. துணியால் துடைத்து, வெட்டிய விளிம்பின் பிசிறை நீக்கி, குழாயிலும் ஃபிட்டிங்கிலும் தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் குழாய் தானாகப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்க்கு அதற்குரிய சொல்யூஷன்தான். வெள்ளைக் குழாய்க்கான சொல்யூஷன் வெந்நீர் லைனில் நிற்காது. டப்பாவில் ஜெல்லி போல இறுகிவிட்டதைக் கரைத்துப் பயன்படுத்த விடாதீர்கள். வெந்நீர் லைனுக்கு எஸ்.டி.ஆர். (குழாயின் வெளிவிட்டம் சுவர் கனத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) 11 வாங்குங்கள். எஸ்.டி.ஆர். 13.5-இன் சுவர் மெலிது.

கேள்வி: வெஸ்டர்ன் கோப்பைக்குச் சுவரிலிருந்து 9 இஞ்ச் அளந்து குழாய் வைத்தார்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கோப்பை உட்காரவில்லை. ஏன்?
– வாசகர், சீர்காழி

பதில்: செங்கலிலிருந்து அளந்திருக்கிறார்கள். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒண்ணேகாலிலிருந்து ஒன்றரை இஞ்ச் வரை தின்றுவிடும். 9 இஞ்ச் என்பது முடிந்த டைல்ஸ் முகத்திலிருந்து குழாயின் நடுவுக்கு. 12 இஞ்ச் கோப்பைகளும் கடையில் உண்டு. அதனால் கோப்பையை முதலில் வாங்கி, பிறகு குழாய் வையுங்கள். இப்போதைக்கு மையம் விலகிய இணைப்பான் கிடைத்தால் சற்று ஒதுக்கலாம். வழி குறுகி அடிக்கடி அடைக்கும் என்பதால், தரையைப் பிரித்துச் சரிசெய்வதையே பரிந்துரைக்கிறோம்.

கேள்வி: தாத்தா காலத்து முற்றம் வைத்த ஓட்டு வீடு. ரேழியை ஒட்டிய அறையில் அம்மாவுக்காகக் கழிவறையோடு பாத்ரூம் கட்ட வேண்டும். பழைய இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. எங்கெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சுவரில் ஆரம்பியுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரில் குறுக்காகக் காடி எடுத்தால் செங்கல் பிடி தளரும். செங்குத்தாக மட்டும், குழாய் மறையும் ஆழத்துக்கு, மெஷினால் வெட்டி எடுங்கள். உளி, சம்மட்டி வேண்டாம். குறுக்கே போக வேண்டிய குழாயைத் தாழ்வாரத்துச் சுவரின் மேலேயே கிளாம்ப் அடித்துக் கொண்டுபோகலாம். வெயில் படும் இடத்தில் சி.பி.வி.சி. குழாய்க்குத் தண்ணீரில் கலக்கும் பெயின்ட் அடியுங்கள். எண்ணெய் பெயின்ட் ஆகாது.

இரும்புக் குழாயை முழுதும் மாற்றுவதே நல்லது. பாதியை வைத்துக்கொண்டால் உள்ளிருந்து கழன்று வரும் துரு புது வால்வுகளை அடைக்கும். எங்காவது இரும்போடு இணைத்தே ஆக வேண்டுமென்றால் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங்கால் இணையுங்கள். டெஃப்லான் டேப் மட்டும் சுற்றுங்கள். பழைய வழக்கப்படி சணலும் வெள்ளைப் பசையும் வைத்து ரெஞ்சால் இறுக்கினால் பிளாஸ்டிக் மரை விரிந்துவிடும்.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த்தை இந்த இரும்புக் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். குழாயைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் போட்ட அன்றே வீட்டுக்கு எர்த் போய்விடும். அதன்பின் புது கீசர் மாட்டிக் குளிப்பது உயிரோடு விளையாடுவது. குழாயைத் தொடும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி எர்த் குழி போட்டு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டிவிடுங்கள்.

முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போகும் பழைய தூம்பு வசதியாக அங்கேயே இருக்கும். புது பாத்ரூம் கழிவை அதில் இணைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். நான்கு பக்க ஓட்டுக் கூரையின் மழையும் அந்த ஒரு வாயில்தான் இறங்குகிறது. அடைமழையில் அது திணறும்போது கழிவு முற்றத்திலேயே கொப்பளிக்கும். கழிவுக் குழாயைத் தனியாக 4 இஞ்சில் கொண்டுபோங்கள். ரேழியிலிருந்து தெரு அருகில் என்பதால் வாட்டமும் எளிதாகக் கிடைக்கும். திருப்பம் வரும் ஒவ்வோர் இடத்திலும் திறந்து பார்க்கும் கதவு உள்ள பெண்ட் போடுங்கள். காற்றுக் குழாயை ஓட்டுக்கு மேல் 2 அடி உயர்த்தி, மேலே கௌல் (காற்றுப் போகும் மூடி) மாட்டுங்கள். காற்றுக் குழாய் இல்லையென்றால் ஒவ்வொரு முறை ஃப்ளஷ் செய்யும்போதும் தரை டிராப்பின் நீரை அது உறிஞ்சிக்கொண்டுபோகும். நீர் போன வழியே நாற்றம் அறைக்குள் வரும். டிராப் வாங்கும்போது 2 இஞ்ச் நீர் நிற்கும் ஆழம் இருக்கிறதா என்று கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

அம்மாவுக்காக என்பதால், கோப்பையின் பக்கச் சுவரில் கைப்பிடி மாட்டும் இடத்தில் குழாய் எதுவும் போகாமல் விட்டுவிடுங்கள். தரையிலிருந்து இரண்டேகால் அடியிலிருந்து 3 அடி வரை அந்தச் சுவர் காலியாக இருக்கட்டும்.

கேள்வி: போரில் உப்புத் தண்ணீர். குடிக்கக் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிறது. இரண்டையும் ஒரே டேங்கில் மாற்றி மாற்றி ஏற்றலாமா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: வேண்டாம். இரண்டு டேங்க், இரண்டு லைன். நல்ல தண்ணீர் லைன் சமையலறைக்கும் வாஷ்பேசினுக்கும் கீசருக்கும் போகட்டும். உப்பு லைன் ஃப்ளஷ் தொட்டிக்கும் வெளிக் குழாய்க்கும் போதும். நடுவில் ஒரு வால்வு போட்டு அவசரத்துக்கு இணைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த வால்வு என்றைக்காவது கசியும். உப்பு, நல்ல தண்ணீரில் கலந்தது சமைக்கும்போதுதான் தெரியும். இணைப்பே இல்லாமல் விடுங்கள். குழாயின் மேல் இரண்டு நிற டேப் சுற்றி வைத்தால் பின்னால் வரும் பிளம்பர் தவறு செய்ய மாட்டார். உப்பு லைனில் இரும்புக் குழாயோ இரும்பு நிப்பிளோ ஒன்றுகூட வேண்டாம். கீசரில் உப்புத் தண்ணீர் விட்டே ஆக வேண்டுமென்றால், உள்தொட்டியைக் காக்கும் மெக்னீசியக் கம்பியை வருஷம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.